கேப் போட்ட பல்லில் மறுபடியும் சீழ்

மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் (வேர்க் குழாய்களில் உள்ள நரம்பை எடுத்து, சுத்தம் செய்து அடைப்பது) செய்து கேப்பும் போட்டாயிற்று, இனி நிம்மதி என்றுதான் இருந்தேன். ஒருநாள் கடலைமிட்டாயைக் கடித்ததும் சுரீரென்றது. ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம், அமுக்கினால் சீழ்.

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, மதுரையில் முதலில் வைத்தியம் பார்த்த கிளினிக்குக்கே போனேன். "நரம்பையே எடுத்தாச்சு, வலிக்காதே" என்றார் டாக்டர். எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை. வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பும் சவ்வும் உயிரோடுதானே இருக்கின்றன? ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார். மாத்திரை இருக்கும்வரை வலி அடங்கியது, தீர்ந்ததும் திரும்பி வந்தது. செத்த பல்லின் வேருக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

பழைய எக்ஸ்ரேயாவது கொடுங்கள் என்றால், "அது பழைய கம்ப்யூட்டர்ல போச்சுண்ணே" என்றது வரவேற்பில் இருந்த பெண். கேப்புக்குக் கொடுத்த வாரன்டி கார்டை நீட்டினேன். கேப் உடைந்தால்தான் செல்லுமாம், உள்ளே பல் கெட்டால் செல்லாதாம். எரிச்சலோடு இறங்கி வந்தேன். ரூட் கேனல் முடிந்த அன்றே கடைசி எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடத்தில் "பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வச்சிரலாம்" என்றார்கள். சரி, வேர் சிகிச்சைக்கென்றே எம்.டி.எஸ். படித்த ஒருவரைப் பார்ப்போம் என்று மதுரை அண்ணா நகருக்குப் போனேன். அந்த அம்மா சிபிசிடி ஸ்கேன் (பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கச் சொன்னார். அதில்தான் விஷயம் வெளிப்பட்டது. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று என்றாலும், முன்பக்க வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்குமாம். எனக்கு அந்த நாலாவது குழாயைச் சுத்தம் செய்யாமலே மூடியிருக்கிறார்கள். சாதா எக்ஸ்ரேயில் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்துவிடும்.

கேப்பில் துளை போட்டால் அது விரிசல் விடலாம் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டார். விரிசல் விடவில்லை. மைக்ராஸ்கோப் வைத்துக் குழாயைத் தேடிப் பிடித்து, பழைய அடைப்பை எடுத்து, மருந்து வைத்து, அப்புறம் அடைத்தார். கொப்புளம் மறைந்தது, இப்போது அந்தப் பக்கமும் மெல்லுகிறேன்.

எலும்பு ஆறுகிறதா என்று ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே பார்க்க வேண்டும். ஆறாவிட்டால் ஈறைத் திறந்து வேர் நுனியை மட்டும் வெட்டும் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. பிடுங்குவதெல்லாம் அதற்கும் அப்புறம்தான்.