கே.ஆர்.பி. அணைக்கரையில் மூன்று ராடுகள்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கே.ஆர்.பி. அணைக்கு ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரம்! "லக்கேஜ் இருக்குதுல்ல சார்" என்று என் தோளில் இருந்த, தூண்டில் ராடுகள் வைத்த குழாயைக் காட்டினார். வாதாடி 300-க்கு இறங்கினார். அதுவும் அநியாயம்தான். சேலத்திலிருந்து வந்த பஸ் டிக்கெட்டே அவ்வளவு இல்லை. டவுன் பஸ் இருக்கிறது, காத்திருந்தாவது அதில் போங்கள்.

ஓசூர் நண்பன் பைக்கில் முன்பே வந்து, அணை நீர் விளிம்பில் ஆளில்லாத ஒரு பொட்டல் கரையைப் பிடித்து வைத்திருந்தான். மீன் பிடிக்க வரவில்லை, ஃப்ளை காஸ்டிங், அதாவது இறகில் கட்டிய பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் வீசும் முறையைப் பழக மட்டும்தான். அதனால் முள்ளுக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி நூல்.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் கட்டும் இறகுப் பூச்சிக்கு எடை என்று ஒன்றுமே கிடையாது, தடித்த லைன்தான் (தூண்டில் நூல்தான்) எடை. பின்னால் வீசிய லைன் முழுக்க நீளும்வரை பொறுக்க வேண்டும். அப்போதுதான் ராடு வளையும். அந்த வளைவு நிமிர்கிற வேகத்தில்தான் லைன் முன்னால் ஓடும். எல்லா சூட்சுமமும் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

முதலில் 9 அடி கிராஃபைட் ராடு, 5-ஆம் எண் (எவ்வளவு கனமான லைனுக்கு ஏற்றது என்பதைச் சொல்லும் எண்). விறைப்பு. எதிர்காற்றிலும் லைன் அம்பு மாதிரி போகிறது. ஆனால் எப்போது வளைகிறது என்று கைக்குத் தெரிவதே இல்லை. அடுத்து தென்காரா என்ற ஜப்பானிய ராடு. ரீலே இல்லை, நுனியில் நேராக நூல். ஓடைக்கு அருமை, இவ்வளவு பெரிய நீர்ப்பரப்புக்கு எட்டாது. அப்புறம் ஃபைபர்கிளாஸ். அடடா! மெதுவாக, அடிப்பிடி வரை வளைகிறது, லைனின் கனம் உள்ளங்கையில் தெரிகிறது. பழகுபவர்களுக்கு இதுதான் ராடு. கடைக்காரர்கள் முதலில் நீட்டும் விலை கூடிய கிராஃபைட்டை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வேடிக்கை பார்த்த ஒரு பெரியவர், "என்னங்க தம்பி, முள்ளையே காணோம்?" என்றார். வீச்சுவலை போடுகிறவராம். ஃபைபர்கிளாஸைக் கொடுத்துப் பார்த்தோம். பின்வீச்சில் நிதானமாகப் பொறுத்து, சுருள் அழகாகப் பிரிய விட்டார். "அவசரப்பட்டா வலையும் விரியாது தம்பி" என்றார். எந்த வீடியோவும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மதியம் அணைப் பக்கத்துக் கடையில் ரோகு வறுவல். துண்டைக் காட்டினால் கண்ணெதிரே பொரித்துத் தருகிறார்கள். மேலே மொறுமொறு, உள்ளே வெள்ளையாக ஆவி பறக்கிறது. மசாலாவில் காரம் தூக்கல், கலர் பொடி கம்மி. தட்டு 120 ரூபாய். பட்ஜெட்டை மறந்து இன்னொன்றும் வாங்கினோம்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறியதும் காற்று லைனைச் சுருட்டிவிடுகிறது. வெறும் நூல் கட்டினாலும் கண்ணாடி கட்டாயம், நுனி முகத்துக்குப் பக்கத்தில்தான் பறக்கும். லைன் வாங்கும்போது ராடில் எழுதியிருக்கும் எண்ணும் லைனின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 5-ஆம் எண் ராடுக்கு 5-ஆம் எண் லைன்தான்.