நாற்பது ஜாதகமும் ஒரு நாணயமும்

2025 மே மாதம் வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் புனேயில் காலமான செய்தியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அவருடைய பிரபஞ்சவியல் இல்லை, 2008இல் அவர் நடத்திய ஜாதகச் சோதனைதான். எங்கள் வீட்டில் பொருத்தம் பார்க்காமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் யாராவது ஏன் என்று கேட்டால் “அதெல்லாம் பொய்” என்பதைத் தாண்டிச் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை. ஒன்றைப் பொய் என்று சொல்வதற்கும் உழைக்க வேண்டும் என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் 100 பேர். மூடநம்பிக்கைகளுக்கு எதிராகப் போராடிய நரேந்திர தபோல்கரின் அமைப்பைச் சேர்ந்தவர்கள் பள்ளிகளுக்குப் போய் இவர்களின் பிறந்த நேரத்தையும் ஊரையும் வாங்கி வந்தார்கள், அதை வைத்து ஜாதகம் கணித்தார்கள். எது யாருடையது என்று தெரியாதபடி கலந்து, ஆளுக்கு 40 ஜாதகம் என்று மகாராஷ்டிர ஜோதிடர்களுக்கு அனுப்பினார்கள். இந்தப் பிள்ளை இரண்டில் எந்த வகை, சொல்லுங்கள். கேட்டது அவ்வளவுதான். புனே பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குண்டேயும் இதில் சேர்ந்திருந்தார். 40க்கு 28 சரியாகச் சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளலாம் என்பது கணக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இந்த 28தான். விடை வந்த பிறகு எல்லாருக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும், நம்புகிறவருக்கும் சரி, நம்பாதவருக்கும் சரி. எந்த எண் வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் நழுவ வழியில்லை. 27 பேர் பதில் அனுப்பினார்கள். அதிகபட்சம் 24, ஒரே ஒருவர். எல்லாரையும் சேர்த்தால் 46 சதவீதம். 200 ஜாதகத்தையும் வாங்கிப் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனம் 102 சரியாகச் சொன்னது.

இதை என் மகளிடம் சொன்னபோது, “24 நல்ல மார்க்தானேப்பா?” என்றாள். இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும், 40க்கு 20. சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். நான் சுண்ட, அவள் கோடுபோட்ட நோட்டில் பூ, தலை என்று குறிக்க, நாற்பது நாற்பதாகப் பத்து வரிசை. நாலாவது வரிசையிலேயே எனக்குக் கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்துவிட்டது, அவள் விடவில்லை. ஏழாவது வரிசையில் 25 பூ விழுந்தது. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டு, “காசு அவரைவிட ஒண்ணு ஜாஸ்திப்பா” என்றாள்.

நார்லிகர் பக்கமும் சான்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு நம்பிக்கை இருந்தது. கேம்பிரிட்ஜில் வானியலாளர் ஃப்ரெட் ஹாயிலுடன் சேர்ந்து அவர் ஆதரித்தது, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று சொல்லும் நிலைமாறாப் பிரபஞ்சக் கொள்கையை. 1965இல், பெருவெடிப்பின் மிச்சம் என்று கருதப்படும் நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டதும் பெரும்பாலானவர்கள் பெருவெடிப்புப் பக்கம் போய்விட்டார்கள், இவர் போகவில்லை. 1993இல் ஹாயில், இன்னொரு வானியற்பியலாளரான ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவரோடும் சேர்ந்து கொள்கையைத் திருத்தி, அந்தக் கதிர்வீச்சுக்கு வேறு விளக்கம் சொன்னார். அந்த விஷயத்தில் சான்றுகள் அவருக்கு எதிராகத்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஆனாலும் எதிர்த்தரப்பின் சான்றை ஒதுக்கிவிட்டுப் போகாமல், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, யாரும் தப்புக் கண்டுபிடிக்கலாம் என்று கணக்கை எழுதி வெளியிட்டாரே, அதற்காக அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

கையெழுத்துக் கேட்டு வரும் பிள்ளைகளிடம், ஒரு அஞ்சலட்டையில் கேள்வி எழுதி அனுப்பு, பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்புகிறேன் என்பாராம். இருந்திருந்தால் என் மகளின் கேள்வியை அனுப்பியிருப்பேன். நோட்டை மூடப் போகும்போது கேட்டாள்: “காசுக்கே ஒரு நாள் 28 விழுந்தா என்னப்பா பண்றது? அதுக்கு ஜோசியம் தெரியும்னு சொல்லிடுவியா?”

நாற்பது முறை சுண்டினால் 28 அல்லது அதற்கு மேல் விழ நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புதான் என்றேன். ஒருத்தர் என்றால் சரி, 27 பேர் ஆடினால் யாராவது ஒருத்தருக்கு விழலாம் இல்லையா என்றாள். விழலாம். விழுந்தால் அவரிடம் மட்டும் புதிதாக இன்னொரு 40 கொடுக்க வேண்டும். மிச்சம் 17 வரிசையை ஞாயிற்றுக்கிழமை சுண்டுவதாகப் பேசி வைத்திருக்கிறோம், இந்தத் தடவை சுண்டுவது அவள்.