கண்ணைப் பார்த்துச் சொல்லு

திட்டினால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கப் போன புதிதில் என்னை அதிகம் திணறடித்தது இதுதான். ஓடத் தெரியாது, பந்தைத் தட்டத் தெரியாது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் சரியாகிவிடும். "ஏம்மா, நீ மறிக்க வேண்டிய ஆளை விட்டுட்டுப் பந்தையே பாத்துக்கிட்டு நின்னியே" என்று கேட்ட மறு நொடி அந்தப் பெண்ணின் கண் தரைக்குப் போய்விடும். ஷூ முனையால் சிமென்டைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். சொன்னது புரிந்ததா, அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாளா, எதுவும் தெரியாது. பெரியவர்கள் பேசும்போது நிமிர்ந்து பார்ப்பது திமிர் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

1997-ல் வேலைக்குச் சேர்ந்தேன். உடற்கல்வி இயக்குநர் என்று நியமன ஆணையில் இருந்தது. பிள்ளைகளுக்குப் பி.டி. மேம். ஒரே ஒரு சிமென்ட் கோர்ட், அதில் ஒரு பக்கத்து ரிங் லேசாக முன்னால் சாய்ந்திருக்கும். நான்கு பந்துகள். அவற்றைப் பூட்டிவைத்த பீரோவின் சாவி என் கைப்பையில். ஸோன் மேட்ச், அதாவது கல்லூரிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டி என்றால் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரசுப் பேருந்தில் போவேன். பந்து வலை என் மடியில் இருக்கும். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் ஜெர்சிகளை வாளியில் ஊறப்போட்டுத் துவைத்து, தங்கிய ஹாஸ்டல் மாடியில் காயப்போடுவேன். மறுநாள் அதையேதான் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். இதெல்லாம் நம் நிலைமை, வெளிநாட்டில் கோச் என்றால் ராஜ வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2005 மார்ச் கடைசியில், பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் அனுப்ப பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோதுதான் பேட் சம்மிட் என்ற பெயரை முதன்முதலில் படித்தேன். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். அந்த வாரம் தன் 880-ஆவது வெற்றியைப் பெற்றிருந்தார். வட கரோலினா ஆண்கள் அணியின் டீன் ஸ்மித் 879 வெற்றிகளோடு வைத்திருந்த சாதனையை ஒரு பெண் தாண்டிவிட்டார் என்பதுதான் செய்தி. கூடவே ஒரு படம். கைகளைக் கட்டிக்கொண்டு கோர்ட் ஓரமாக நின்று யாரையோ பார்க்கிறார். அந்தப் பார்வை யார் மேல் விழுந்ததோ அவள் பாடு கஷ்டம்தான் என்று தோன்றியது. இரண்டு ரூபாய் கொடுத்து அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்தேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பது பழக்கமாகிவிட்டது.

அவர் வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1974-ல் முதுகலை படிக்கப் போனவர். துணைக்கு ஒரு உதவிப் பயிற்சியாளர் வேலை. தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் விலகிவிட, அந்தப் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது. வயது 22. மாதம் 250 டாலர். அணியில் சிலர் இவரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். வேனை இவரே ஓட்டினார். டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கிய சீருடைகளை இவரே துவைத்தார். வெளியூர் போன இடத்தில் அறை எடுக்கப் பணமில்லாமல், எதிரணியின் உள்ளரங்கத்திலேயே அணியோடு தரையில் படுத்துத் தூங்கியிருக்கிறார். முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோல்வி. அந்த வாளியும் சோப்பும் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்ததில் வந்த ஆறுதலைச் சொல்லி முடியாது.

அவர் பிறந்தது 1952-ல், டென்னசியில் ஒரு பண்ணைக் குடும்பத்தில். பாலும் புகையிலையும்தான் பிழைப்பு. மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. பகல் முழுக்க வயல் வேலை. ராத்திரி வைக்கோல் பரணில் வளையத்தை மாட்டி, அண்ணன்மாரோடு முட்டி மோதி ஆட்டம். அப்பா ரிச்சர்ட் ஹெட் அதிகம் பேசாத, கண்டிப்பான மனிதர். ஊர்ப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்றதும், அணி இருக்கிற பள்ளியில் மகளைச் சேர்ப்பதற்காக அந்த அப்பா குடும்பத்தோடு வீடு மாறினார்! என் 26 வருட வேலையில் எத்தனையோ அப்பாக்கள் என் அறைக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் மகள் பெயரை அணியிலிருந்து எடுத்துவிடச் சொல்லித்தான். வெயிலில் கறுத்துவிடுகிறாள், அரை டிரவுசர் போடுகிறாள், மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது போகப் போகப் புரிந்தது. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன பழைய மாணவிகளைப் பற்றிப் பேசுவேன். சிலர் மனம் மாறினார்கள்.

சம்மிட் பள்ளியில் ஆடிய காலத்தில் டென்னசிப் பெண்களுக்குக் கூடைப்பந்து விதியே வேறு. ஓர் அணியில் ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் தாக்குவார்கள், மூன்று பேர் மறு பாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பெண் உடம்பு முழுக் கோர்ட்டை ஓடித் தாங்காது என்ற பழைய எண்ணத்தின் மிச்சம் அது. தடுக்கும் பாதியில் நிறுத்தப்பட்டவள் பள்ளிக் காலம் முழுவதும் ஒரு பந்தைக்கூடக் கூடையில் போட்டிருக்க மாட்டாள். அவளை எந்தக் கல்லூரி எடுக்கும்? கல்லூரியில் அணி நடத்தத் தொடங்கிய பிறகு இந்த விதியை எதிர்த்து உரக்கப் பேசியவர்களில் சம்மிட் முக்கியமானவர். 1970-களின் முடிவில் அது ஒழிந்தது. அவருடைய கோப்பைகளைவிட இதைப் பெரிதாக நினைக்கிறேன். அவர் பெயரே தெரியாத பெண்களுக்கும் முழுக் கோர்ட் கிடைத்தது.

இடையே முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து, அதே காலோடு 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கினார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த வருடம்தான். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பயிற்சியாளராகத் தங்கம். டென்னசிக்கு முதல் தேசியப் பட்டம் வந்தது 1987-ல், வேலைக்குச் சேர்ந்து பதின்மூன்றாவது வருடம். மொத்தம் எட்டுப் பட்டங்கள். 1998-ல் 39 ஆட்டம் ஆடி 39-லும் ஜெயித்த அணியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வருடத்து அணி. பத்து ஆட்டம் தோற்ற பிறகும் பட்டம் வாங்கியது அது. பத்துத் தோல்விக்குப் பிறகும் அந்தப் பிள்ளைகள் தேசியப் போட்டி நடக்கும் மார்ச் மாதத்தில் நிமிர்ந்து நின்றார்கள் என்றால், நடுவில் ஒவ்வொரு நாளும் பயிற்சியில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியின்போது ஒரு பெண்ணின் தவறைத் திருத்தினால், அவள் அவர் கண்ணைப் பார்த்து "ரீபவுண்ட்" என்று சொல்ல வேண்டும். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். பாராட்டினால் "டூ பாயின்ட்ஸ்", கூடையில் பந்து விழுந்தால் கிடைக்கும் இரண்டு புள்ளி. வேறு பேச்சு கிடையாது. கேட்டுக்கொண்டேன், எடுத்துக்கொண்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். படித்ததும் இது எங்கள் கோர்ட்டுக்கென்றே சொன்னது போல இருந்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் பிள்ளைகளிடம் சொன்னேன். சிரித்தார்கள். இரண்டு வாரம் சிரிப்பு அடங்கவில்லை. கிராமத்திலிருந்து வந்த, அதிகம் வாய் திறக்காத ஒரு பெண் இருந்தாள். உயரமானவள், அதனாலேயே கூன் போட்டு நடப்பாள். அன்றைக்குப் பனி பெய்து கோர்ட் ஈரமாயிருந்தது. துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு பாக்ஸ் அவுட் பழக்கிக்கொண்டிருந்தேன். பந்து ரிங்கில் பட்டுத் திரும்பும்போது எதிராளியை முதுகால் அண்டி, இடுப்பைத் தாழ்த்தி, அவளைப் பந்திடம் போகவிடாமல் இடம் பிடிப்பதுதான் பாக்ஸ் அவுட். இவள் ஒவ்வொரு முறையும் பந்தைப் பார்த்துக் கையைத் தூக்குவாளே தவிர ஆளைத் தேடமாட்டாள். நிறுத்தினேன். "முதல்ல ஆளு, அப்புறம் பந்து. முதுகுல அவ இருக்காளான்னு உனக்குத் தெரியணும்" என்றேன். வழக்கம்போல் கண் கீழே போனது. நான் பேசாமல் நின்றேன். மற்றவர்களும் நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தாடை மேலே வந்தது, கண் வந்தது. உதடு துடித்தது. "ரீபவுண்ட், மேம்." சத்தமே வரவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த வருடம் ஸோனில் அதிக ரீபவுண்ட் எடுத்தவள் அவள்தான்.

அவர் செய்ததையெல்லாம் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய ராத்திரி ஊர் சுற்றிவிட்டு வந்த அணியை, கோர்ட்டின் நான்கு மூலையிலும் குப்பைத் தொட்டி வைத்து, வாந்தி எடுக்கும்வரை ஓடவிட்டிருக்கிறார். என் பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். மருத்துவ முகாமில் பார்த்தால் அணியில் பலருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு ஓட்டத்துக்கு முன் அவித்த சுண்டலும் வாழைப்பழமும்தான் தேவைப்பட்டது. அதற்கு ஒரு நிதி வாங்க நான்கு வருடம் கடிதம் எழுதினேன். ஐந்தாம் வருடம் கிடைத்தது.

வகுப்பு விஷயத்தில் மட்டும் அவரை அப்படியே பின்பற்றினேன். அவர் அணியில் வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டம் கிடையாது. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். நட்சத்திர வீராங்கனைக்கும் அதே சட்டம். அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். அதுவரை நான் வருகைப் பதிவேட்டோடு ஒவ்வொரு துறையாகப் போய், "மேட்ச் இருந்துச்சு சார், ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டுடுங்க" என்று கெஞ்சி, மேட்ச் இல்லாத நாளுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மூன்றாம் வருடம் ஏழெட்டு அரியரோடு அவர்கள் வீட்டுக்குப் போனதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. 2006-லிருந்து நிறுத்தினேன். அடுத்த வருடமே, என் சிறந்த ஷூட்டர் வகுப்புக்குப் போகாமல் சினிமாவுக்குப் போனது தெரிந்து ஸோன் இறுதி ஆட்டத்தில் அவளை உட்காரவைத்தேன். ஏழு புள்ளியில் தோற்றோம். நிர்வாகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். கோப்பையா, புள்ளைங்க படிப்பா என்று நான் திருப்பிக் கேட்டேன். கேட்டவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் புதுப் பந்து வாங்கப் பணம் ஒதுக்கவில்லை.

2011 ஆகஸ்டில் அந்தச் செய்தி வந்தது. பேட் சம்மிட்டுக்கு அல்சைமர் வகை மறதி நோயின் ஆரம்பம். வயது 59. மறைக்காமல் அவரே அறிவித்துவிட்டு, அந்தப் பருவமும் அணியோடு நின்றார். வேலையில் பெரும்பகுதியை உதவியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2012 ஏப்ரலில் விலகினார். அவரிடமே ஆடி, 27 வருடம் உதவியாளராக இருந்த ஹாலி வார்லிக் அந்த இடத்துக்கு வந்தார். 38 பருவம், 1,098 வெற்றி, 208 தோல்வி. வெற்றியைவிடத் தோல்வி கூடிய வருடம் ஒன்றுகூட இல்லை. 2016 ஜூன் 28 அன்று இறந்தபோது 64 வயது. அட்மிஷன் நேரம், விண்ணப்பக் கட்டுகளுக்கு நடுவே செய்தியைப் பார்த்தேன். கோர்ட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன்.

அவர் விலகிய அந்த 2012-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளூரில் ஓர் ஆட்டம், பெற்றோர் வந்திருந்தார்கள். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி கடைசி நிமிடத்தில் பந்தைத் தொலைத்தாள். தோற்றோம். அவளை அங்கேயே, அவள் அப்பா கேட்கும்படி திட்டினேன். மறுநாள் காலை பயிற்சிக்கு அவள் வரவில்லை. கேப்டன் என்னிடம் வந்தாள். கையில் பந்து இல்லை. நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"நேத்து அவங்கப்பா முன்னாடி அவளைத் திட்டினது சரியில்ல மேம். அவரு இனிமே அவளை அனுப்ப மாட்டாரு."

என் கண் கீழே போனது. அவள் காத்துக்கொண்டு நின்றாள், நான் அவர்களுக்காகக் காத்திருப்பது போலவே. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. நிமிர்ந்து, "ரீபவுண்ட்" என்றேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேருந்து மாறி அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். அவள் அப்பா மரியாதையாகத்தான் பேசினார், காபி கொடுத்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "இருக்கட்டும் டீச்சர், அவ படிச்சா போதும்" என்றார். அவள் உள்ளே கதவோரம் நின்றிருந்தாள். திரும்ப விளையாட வரவே இல்லை. படிப்பை முடித்தாள். கடைசிப் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வாங்க வந்தவள், கோர்ட் ஓரத்து வேப்பமரத்தடியில் நின்று பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையசைத்துக் கூப்பிட்டேன். அவளும் கையசைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சைகை காட்டிப் போய்விட்டாள்.