செப்டம்பர் 22

காலையில இருந்து வாட்ஸ்அப்ல 'வரலாற்றில் இன்று' வந்து குவியுது. 1791-ல மைக்கேல் ஃபாரடே பிறந்தது இருக்கு, 1980-ல ஈராக் படை ஈரானுக்குள்ள புகுந்தது இருக்கு. நம்ம மதுரை மேலமாசி வீதியைத்தான் காணோம்!

1921-ல இதே நாள், அங்க தங்கியிருந்த வீட்டுலதான் காந்தி சட்டை, தொப்பியெல்லாம் விட்டுட்டு அரைவேட்டிக்கு மாறினார். அந்நியத் துணியை விடச் சொல்றீங்க, கதர் வாங்கக் காசில்லையேன்னு ஏழை சனங்க கேட்டது அவரை உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. முதல்ல அக்டோபர் 31 வரைக்காவதுன்னுதான் அறிவிச்சார். அப்புறம் எங்க மாத்தினார்? 1931-ல லண்டன் அரண்மனைக்கு ஐந்தாம் ஜார்ஜைப் பார்க்கப் போனதும் அதே கோலத்துலதான்.

இப்ப அந்த வீட்டுல கதர்க்கடை இருக்கு. தீபாவளித் துணி எடுக்க விளக்குத்தூண் வர்றவங்க அப்படியே ஒரு எட்டுப் போய்ப் பாருங்கப்பா.