பெருக்குத்தொகை ஒன்றைத் தாண்டும்போது

கட்டுப்பாட்டியல் வகுப்பின் ரவுத் அட்டவணை (ஓர் அமைப்பு நிலையானதா என்று சமன்பாட்டின் குணகங்களிலிருந்தே சொல்லும் முறை) நம்மில் பலருக்கு இன்றும் கைப்பழக்கமாக இருக்கும். அதற்கு மதிப்பெண் உறுதி. பிற்பாடு வேலையில் அதிகம் தேவைப்பட்டதோ, பாடத்திட்டம் அவசரமாகக் கடந்துபோன ஒன்று: தனித்தனியே நிலையான இரு அமைப்புகளை இணைத்தால் என்ன ஆகும்?

அன்று கரும்பலகையில் இருந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் தனியாக விட்டால் 1 வினாடி நேர மாறிலியில் (ஏறத்தாழ 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்) அடங்குபவை. இரண்டின் ஐகன் மதிப்பும் (அமைப்பின் நிலை வளரும் அல்லது அடங்கும் வேகத்தைச் சொல்லும் எண்; மெய்ப்பகுதி எதிர்மம் என்றால் அடங்கும், நேர்மம் என்றால் வளரும்) −1. ஒன்றின் மாறுவீதத்தில் மற்றதன் நிலையை ஒரு குணகத்தால் பெருக்கிச் சேர்க்கிறோம், எதிர்த்திசையிலும் அப்படியே. சேர்ந்த அமைப்பின் ஐகன் மதிப்புகள், −1-உடன் இரு குணகங்களின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்தைக் கூட்டியும் கழித்தும் வருபவை. இரண்டும் 2 என்றால் 1, −3. அமைப்பு கைநழுவிவிட்டது. ஒரு குணகத்தின் குறியை மட்டும் மாற்றினால் மெய்ப்பகுதி −1 ஆகவே நிற்கும், ஊசலாடியபடியே அடங்கிவிடும். அளவு அதேதான், குறிதான் வேறு. உணரியின் இரு கம்பிகளை மாற்றிப் பொருத்தினால் நேர்வது இதுதான்.

1966-இல் ஜார்ஜ் சேம்ஸ் வெளியிட்ட சிறு ஆதாயத் தேற்றம் குறியைப் பார்ப்பதே இல்லை: கண்ணியைச் (ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பும் வளையம்) சுற்றிய ஆதாயங்களின், அதாவது ஒவ்வோர் அமைப்பும் உள்ளீட்டை அதிகபட்சம் எத்தனை மடங்காக்குகிறதோ அவற்றின், பெருக்குத்தொகை 1-க்குக் குறைந்தால் போதும், இணைப்பு நிலையானது. மேலே ஊசலாடி அடங்கிய அமைப்பை அது ஏற்காது. பெருக்குத்தொகை அங்கே 4. கஞ்சத்தனமான விதிதான். ஆனால் கம்பி தலைகீழானாலும் காப்பாற்றும்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது ஒருவழி இணைப்பு. ஒரு குணகம் 100, மற்றது 0. ஐகன் மதிப்புகள் இரண்டும் −1 தான். தாளில் குறையே இல்லை. ஆனால் ஊட்டும் அமைப்பை 1-இல் தொடக்கினால், மற்றது 1 வினாடியில் சுமார் 36.8 வரை வீங்கிய பிறகே இறங்கும். பெருக்கி அதற்குள் உச்சத்தில் முட்டிவிட்டால் நேரியல் கணக்கே செல்லாது. இன்னும் மோசம்: பொதுத் தரைக்கம்பி வழியாகவோ மின்வழங்கி வழியாகவோ 0.01 அளவு திரும்பக் கசிந்தால் ஓர் ஐகன் மதிப்பு பூஜ்யத்தைத் தொடும். கசிவு 0.02 ஆனால் +0.41.

இன்னொரு பொறி, துருவத்தைச் சுழியால் அடிப்பது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைக்கும் பின்னத்தின் பகுதி பூஜ்யமாகும் இடம் துருவம், தொகுதி பூஜ்யமாகும் இடம் சுழி. +1-இல் துருவம் உள்ள அமைப்புக்கு, +1-இல் சுழியும் −1-இல் துருவமும் உள்ள கட்டுப்படுத்தியைப் போட்டு ஓரலகுப் பின்னூட்டம் (வெளியீட்டை அப்படியே உள்ளீட்டிலிருந்து கழிப்பது) கொடுத்தால், வெளியீட்டில் தெரிவது −2 மட்டுமே. அமைப்பின் உள்ளீட்டில் சிறு இடையூறு விழுந்தால் அடித்த +1 மீண்டும் எழும். பின்னங்களைச் சுருக்கும் முன்பே முழு நிலை அணியை (எல்லா நிலைகளின் மாறுவீதக் குணகங்களையும் அடுக்கிய அணி) எழுதி ஐகன் மதிப்பு எடுத்தால் அது அங்கேயே தெரியும்.