புவியியல் பட்டம்: எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கான செலவுக் கணக்கும் வேலைக் கணக்கும்

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், கேரளத்தின் தமிழக எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளைச் சேர்ந்த தமிழ்ப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த ஜியாகிரபியப் படிச்சா என்ன வேலை கெடைக்கும் டீச்சர்?" புவியியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு ஜிஐஎஸ் (வரைபடங்களையும் இடம் சார்ந்த தரவுகளையும் கணினியில் கையாளும் முறை) நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்து, பிறகு பி.எட். படித்து இப்போது பாலக்காடு மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஆசிரியப் பணி, தனியார் வேலை ஆகிய இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்தவள் என்பதால், அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அரசுக் கல்லூரியில் இந்தப் படிப்புக்கு ஆகும் பணச் செலவு பெரிதன்று. கட்டணம் சொற்பம், பேருந்துக் காசு, செய்முறை வகுப்புக்கான ரெக்கார்டு நோட்டு, டிரேசிங் தாள், ஒன்றிரண்டு களப்பயணங்கள் ஆகியவற்றைச் சேர்த்தாலும் ஒரு நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியதே. பெரிய செலவு மடிக்கணினிதான். செயற்கைக்கோள் படங்களைக் கையாள வேண்டும் என்பதால் 8 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்ததை வாங்கிப் பயனில்லை. மென்பொருளுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்களும் இலவசம்.

உண்மையான விலை ஆண்டுகள்தான். பட்டத்துக்கு 3, முதுநிலைக்கு 2, பி.எட்.டுக்கு 2 என்று கூட்டினால் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. கேரளத்தில் 2024 முதல் நடைமுறையிலுள்ள நான்காண்டுத் திட்டத்தில் மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் படித்து ஆனர்ஸ் பெற்றவர்களுக்கு முதுநிலை ஓராண்டாகக் குறைகிறது என்றாலும், மொத்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அந்த ஏழு ஆண்டுகளில் உடன் படித்த ஒருவன் பாலக்காட்டுத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் ஏதோ ஒரு ஆலையில் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பான். வீட்டு நிலைமை அதைப் பொறுக்குமா என்பதைத்தான் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியிலும் புவியியல் உண்டு, கோயம்புத்தூர் அரசுக் கலைக் கல்லூரியிலும் உண்டு. இரண்டுக்கும் நாம் வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆனால் தமிழ்நாட்டின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அந்த மாநிலத்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கே உரியது. கேரளப் பள்ளியில் தமிழ்வழியிலேயே படித்திருந்தாலும் நமக்கு அது கிடைக்காது. கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டி அங்கே இடஒதுக்கீடு கேட்கவும் முடியாது. பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். அதனால் இங்கேயே ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் பிள்ளையைக் கோயம்புத்தூர் என்ற பெயருக்காக அங்கே அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி வேலை. ஆசிரியப் பணிதான் குறி என்றால், சேருவதற்கு முன்பே தகுதி விதிகளைப் படித்துவிட வேண்டும். கேரளத்தில் மேல்நிலைப் புவியியல் ஆசிரியராவதற்கு முதுநிலைப் பட்டம், பி.எட்., செட் என்னும் மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி ஆகியவை வேண்டும். ஆனால் மேல்நிலையில் புவியியல் எல்லாப் பள்ளியிலும் இருக்கும் பாடமன்று. காலியிடங்கள் குறைவு, அறிவிப்புக்கும் நியமனத்துக்கும் நடுவே காத்திருப்பு நீளம். உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இளநிலைப் பட்டமும் பி.எட்.டும் கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் போதும். நம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கான இடங்களைக் கேரளத் தேர்வாணையம் தனியாக அறிவிக்கும்போது போட்டியாளர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்பது நமக்குள்ள ஒரு சாதகம்.

கேந்திரிய வித்யாலயாவில் முதுநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 47,600 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 44,900 ரூபாய். இதில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. அங்கே சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகிய நான்கில் இரண்டைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும்; அவற்றில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும். புவியியலுடன் புள்ளியியலையும் நிலவியலையும் துணைப்பாடங்களாக எடுத்தவர் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அந்த விண்ணப்பத்தில் வெளியே நிற்க வேண்டியதுதான். மைனர் எனப்படும் துணைப்பாடத்தை மாணவரே தேர்ந்தெடுக்கும் இன்றைய முறையில், முதல் பருவத்திலேயே பொருளியலையோ வரலாற்றையோ எடுத்துவைத்தால் இந்தச் சிக்கல் வராது. அதேபோல் முதுநிலைப் பட்டத்தின் பெயரும் முக்கியம். புவித்தகவலியல், பேரிடர் மேலாண்மை என்று பெயர் மாறினால், ஆசிரியர் தேர்வு அறிவிப்பில் உள்ள 'புவியியல்' என்ற சொல்லுக்கு அது ஈடாகுமா என்ற கேள்வி எழும்; வேறு மாநிலப் பட்டம் என்றால் சமநிலைச் சான்றிதழும் கேட்கப்படலாம்.

கல்லூரிப் பணிக்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு; புவியியலுக்கான குறியீட்டு எண் 80. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். தொகைகள் கவர்ச்சியானவை. ஆனால் புவியியல் துறை உள்ள கல்லூரிகளே குறைவு என்பதால் இதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தனியார் வேலை என்பது பெரும்பாலும் ஜிஐஎஸ். நான் செய்த வேலையைச் சொன்னால் அதன் தன்மை விளங்கும். ஸ்கேன் செய்த பழைய நில அளவை வரைபடத்தைத் திரையில் விரித்து, ஒவ்வொரு புல எண்ணின் எல்லையையும் சுட்டியால் மூலைக்கு மூலை குத்திக்கொண்டே போக வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புலங்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் கோடுகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று மென்பொருள் பார்க்கும் டோபாலஜி சோதனையில் சிவப்புக் குறிகளாக வரிசை கட்டி நிற்கும். மாலைக்குள் இத்தனை புலம் என்ற இலக்கும் உண்டு. இந்த வேலைக்குப் புவியியல் பட்டம் உதவும், ஆனால் கட்டாயமில்லை. அதனால்தான் தொடக்கச் சம்பளம் தாழ்வாக இருக்கிறது. இதிலிருந்து மேலே ஏறியவர்கள் பைத்தான், தரவுத்தள மொழி, தொலையுணர்வுப் பகுப்பாய்வு (செயற்கைக்கோள் படங்களிலிருந்து தகவல் எடுப்பது) ஆகியவற்றில் ஒன்றையாவது கைவரப் பெற்றவர்கள். டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவசப் பயிற்சிகளை நடத்திச் சான்றிதழும் தருகிறது. கல்லூரிக் காலத்திலேயே அவற்றை முடித்துவிடலாம்.

நேர்காணலில் சான்றிதழ்களைவிட, சொந்தமாகச் செய்த ஒரு வேலையைத்தான் கேட்பார்கள். நம் ஊரே அதற்கு நல்ல களம். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டிஎம்சி நீர் வர வேண்டும்; அந்த நீரை நம்பியிருக்கும் சித்தூர் வட்டத்து வயல்களில் எது எந்தப் பருவத்தில் பச்சையாக இருந்தது, எது தரிசாகக் கிடந்தது என்பதைப் பத்து மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 படங்களில் ஆண்டுவாரியாகப் பார்க்க முடியும். நம் பகுதியைக் காட்டும் 58 பி வரிசை நிலவரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, கடைமடை விவசாயிகளிடம் பேசி, படம் சொல்வதையும் அவர்கள் சொல்வதையும் ஒப்பிட்டு எழுதிய மாணவருக்கு, எந்த நிறுவனத்திலும் அரைமணி நேரம் பேசுவதற்குச் சரக்கு இருக்கும்.

கேரளத்தில் டிஜிட்டல் மறுநில அளவை நடப்பதைப் பார்த்து, சர்வேத் துறையில் நுழையப் புவியியல் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்குப் பொருத்தமானது ஐடிஐயின் சர்வேயர் பயிற்சி; காலமும் குறைவு. குடிமைப் பணித் தேர்வுக்காகவும் புவியியல் பட்டம் படிக்கத் தேவையில்லை: எந்தப் பட்டம் பெற்றவரும் அதை விருப்பப்பாடமாக எடுக்கலாம். 2018 வெள்ளத்துக்கும் 2024 வயநாட்டு நிலச்சரிவுக்கும் பிறகு பேரிடர் மேலாண்மையில் இத்துறைக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்பது மெய்தான். ஆனால் அங்குள்ள இடங்களில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை.

ஆக, பிள்ளைக்கு வரைபடத்திலும் வெயிலில் அலைவதிலும் விருப்பமிருந்து, வீடு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பொறுக்குமானால், அரசுக் கல்லூரியில் இதைத் தாராளமாகப் படிக்கலாம். சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்து, ஜிஐஎஸ், தொலையுணர்வு ஆகியவற்றுக்குச் செய்முறைத் தாள்கள் எத்தனை, ஆய்வகத்தில் இயங்கும் கணினிகள் எத்தனை என்று மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள். கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டித் தனியார் கல்லூரியில் இதே பட்டத்தைப் படிப்பதற்கு மட்டும், என்னிடம் கேட்கும் எவருக்கும் நான் சரி என்று சொன்னதில்லை. முதல் சில ஆண்டுச் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட இயலாது.