மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்

எங்கள் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. பெரம்பூர் வீட்டில் அத்தையின் கட்டில் அருகே உட்கார்ந்து மாத்திரை அட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அத்தை சர்க்கரைக்குப் போடும் கிளிமிபிரைடு, 2 மில்லிகிராம். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. பாயை உதறியும் கிடைக்கவில்லை. நாக்கு ஓரத்தில் லேசாகச் சாயம்.

"நல்லாத்தானே இருக்கா, கொஞ்ச நேரம் பார்ப்போமே" என்றார் அத்தை. மாடி வீட்டு அக்கா அதற்குள் உப்புத் தண்ணீர் கலக்கி எடுத்து வந்துவிட்டார். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். மண்ணெண்ணெய், ஆசிட் என்றால் இன்னும் மோசம். உப்பு அதிகமானால் அதுவே குழந்தைக்கு ஆபத்து.

ஆட்டோ பிடித்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போது, குழந்தையின் எடை என்ன, கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று அடுக்கடுக்காகக் கேட்டார்கள். அட்டை கையில் இருந்ததால் முதல் இரண்டுக்கும் தடுமாறாமல் பதில் சொல்ல முடிந்தது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சரியாகவே இருந்தது. அப்படியானால் கிளம்பலாமா என்றார் கணவர்.

டாக்டர் விடவில்லை. "இந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சர்க்கரை உடனே இறங்கணும்னு இல்லை, பல மணி நேரம் கழிச்சும் இறங்கும். குழந்தை தூங்கிட்டா உங்களுக்கு வெளியே தெரியாது. ஒரு நாள் இருந்துட்டுப் போங்க."

ராத்திரி முழுக்க விட்டு விட்டு விரலில் குத்தினார்கள். நள்ளிரவு தாண்டி அவள் நெற்றியைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. மீட்டரில் 48. உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடிவதற்குள் அளவு மேலே வந்து நின்றது. வீட்டிலேயே இருந்திருந்தால், அசந்து தூங்குகிறாள் என்றுதான் விட்டிருப்போம்.

திரும்பி வந்ததும் வீட்டைத் தரையோடு உட்கார்ந்து, அவள் கண் மட்டத்திலிருந்து பார்த்தோம். மாத்திரைகள் பூட்டிய பீரோவுக்குப் போயின. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கற்பூரமும் மேலே ஏறியது; விழுங்கினால் வலிப்பு வரும். அந்துருண்டையை வாங்குவதே இல்லை. சைக்கிளில் வருபவரிடம் வாங்கும் ஃபினாயிலைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரி இன்னொரு பயம். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், கிளம்பிவிட வேண்டும்.

தில்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. இரவு பகல் எப்போதும் கேட்கலாம். 108-உடன் அதையும் அத்தையின் போன் வரை எல்லாவற்றிலும் பதிந்து வைத்திருக்கிறோம். அப்புறம், வீட்டுக்கு வரும் உறவினர்களின் கைப்பையை முதலில் வாங்கி அலமாரி மேல் வைத்துவிடுகிறேன். பெரியவர்கள் பை என்றால் உள்ளே பி.பி. மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ இருக்கும்.